மண்ணுக்கடியில் குடுவை வளர்க்கும் ஏறுகொடி: நெப்பந்தஸ் புடிக்கா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்னியோ தீவில் இந்தோனேசியாவுக்கு உரிய வட கலிமந்தான் மாகாணத்தின் மலைமுகடுகளிலிருந்து ஒரு குடுவைத் தாவரம் 2022-ஆம் ஆண்டில் புதிய சிற்றினமாக விவரிக்கப்பட்டது. பூச்சிகளைப் பிடிக்கும் குடுவைகளை அது மண்ணுக்கு அடியில் வளர்க்கிறது என்பதால் அதைப் பற்றிய பேச்சு தாவரவியலாளர் வட்டத்துக்கு வெளியிலும் பரவியது. அப்படிப் பரவியபோது எழுந்த கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே தரப்படுகின்றன.

இது எந்தத் தாவரம், யார் விவரித்தார்கள்?

இதன் அறிவியல் பெயர் நெப்பந்தஸ் புடிக்கா. ஃபைட்டோகீஸ் என்னும் தாவர வகைப்பாட்டியல் ஆய்விதழில் 2022 ஜூன் 23 அன்று இதைப் பற்றிய கட்டுரை வெளியானது. செக் குடியரசின் ஓலோமோட்ஸ் நகரிலுள்ள பலாட்ஸ்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் டான்சாக் முதல் ஆசிரியர். லூபோஷ் மஜெஸ்கி, வாட்ஸ்லாவ் செர்மாக், மைக்கல் கோலோஸ், பார்டோஷ் பிளாஹ்னோ ஆகியோரும், இந்தோனேசியாவில் ஈரநில உயிரினப் பாதுகாப்பில் ஈடுபட்டுள்ள ஓர் அறக்கட்டளையைச் சேர்ந்த வெவின் ஜியாஸ்மாந்தோவும் உடன் எழுதியவர்கள். வட கலிமந்தானின் மென்டாராங் ஹுலு வட்டாரத்தில், ஒன்றுக்கொன்று அருகருகே உள்ள சில இடங்களில் மட்டுமே, கடல் மட்டத்திலிருந்து 1,100 முதல் 1,300 மீட்டர் உயரத்தில், முகடுகளின் மேல் வளரும் காட்டில் இது இருப்பதாக அக்கட்டுரை பதிவு செய்திருக்கிறது.

குடுவை என்பது பூவா, காயா?

இரண்டும் இல்லை, அது இலையின் ஒரு பகுதி. நெப்பந்தஸ் பேரினத்தில் இலை மூன்று பகுதிகளாக அமைந்திருக்கிறது. நாம் இலை என்று பார்த்ததும் சொல்லும் தட்டையான பச்சைப் பகுதி அடியில் இருக்கிறது. அதன் நடுநரம்பு நுனியைத் தாண்டி நீண்டு பற்றுக்கம்பி ஆகிறது. அந்தப் பற்றுக்கம்பியின் நுனி முதலில் ஒரு சிறு மொட்டைப் போல் வீங்கி, உள்ளே காற்றும் நீர்மமும் சேர்ந்து பருத்து, கடைசியில் மூடி திறந்து குடுவையாகிறது. மூடி திறக்கும் முன்னரே குடுவைக்குள் செரிமான நீர்மம் இருக்கும். எனவே உள்ளே இருப்பது மழைநீர் மட்டுமே என்ற பரவலான எண்ணம் சரியன்று. மழைநீர் மிகுதியாக விழுந்து அந்த நீர்மத்தை நீர்க்கச் செய்துவிடாமல் தடுப்பது மூடியின் வேலைகளுள் ஒன்று.

குடுவையின் வாயைச் சுற்றி வரிவரியான பளபளப்புள்ள ஒரு விளிம்பு உண்டு. அது உலர்ந்திருக்கும்போது எறும்பு அதன் மேல் தாராளமாக நடந்து தேன் உண்டு திரும்பிவிடும். ஈரம் பட்டதும் அந்த விளிம்பு முழுவதும் மெல்லிய நீர்ப்படலம் பரவி, எறும்பின் கால்களுக்குப் பிடிமானம் இல்லாமல் போகிறது. இதை 2004-ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மண்ணுக்கடியில் குடுவை இருப்பதன் பொருளை விளங்கிக்கொள்ள அது பின்னர் உதவும். வழுக்கி உள்ளே விழுந்த பூச்சியைப் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் கரைக்கின்றன. நைட்ரஜனும் பாஸ்பரஸும் குறைந்த மண்ணில் வேரூன்றிய செடி, வேரால் பெற முடியாததை இவ்வாறு இலையால் பெற்றுக்கொள்கிறது.

இதைக் கொடி என்று சொல்வது ஏன்? படங்களில் சிறு செடியாகத்தானே தெரிகிறது?

நெப்பந்தஸ் சிற்றினங்களில் பெரும்பாலானவை இளமையில் தரையோடு ஒட்டிய இலைக்கொத்தாக இருந்து, வளர வளரத் தண்டு நீண்டு மரஞ்செடிகளின் மேல் ஏறுபவை. அந்த ஏற்றத்துக்கு ஏற்ப ஒரே செடியிலேயே இருவகைக் குடுவைகள் உண்டாகின்றன. தரையருகே உருவாகும் கீழ்க்குடுவைகள் பொதுவாக வயிறு பருத்தவை. முன்புறம் இறக்கை போன்ற இரு மடிப்புகள் உடையவை. ஏறும் தண்டில் உருவாகும் மேல்குடுவைகள் பெரும்பாலும் புனல் போல் ஒடுங்கியவை. அவற்றின் பற்றுக்கம்பி கிளையைச் சுற்றிப் பிடித்துக் கொடியைத் தாங்கவும் செய்கிறது. இலை, ஊன்றுகோல், பொறி என மூன்று வேலைகளை ஒரே உறுப்பு செய்வது இந்தப் பேரினத்தின் சிறப்பு.

மடகாஸ்கரிலும் சீஷெல்ஸ் தீவுகளிலும் தொடங்கி, இலங்கை, மேகாலயா, தென்கிழக்கு ஆசியா, நியூகினி வழியாக ஆஸ்திரேலியாவின் வடமுனை, நியூ கலிடோனியா வரை இந்தப் பேரினம் பரவியிருக்கிறது. 160-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இதில் அறியப்பட்டுள்ளன. இலங்கையில் மட்டும் வளரும் நெப்பந்தஸ் டிஸ்டில்லடோரியாவுக்கு லின்னேயஸ் 1753-இல் பெயரிட்டார். இந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே சிற்றினமான நெப்பந்தஸ் காசியானா மேகாலயாவில் இருக்கிறது.

அப்படியானால் புடிக்காவில் புதியது என்ன?

புதியது குடுவை அன்று. குடுவை இருக்கும் இடம். இந்தத் தாவரத்தைப் பற்றிச் சுருக்கமாகப் பேசுபவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். புடிக்காவின் மண்ணடிக் குடுவையைத் தனியே எடுத்து மேசை மேல் வைத்தால், வயிறு பருத்த, மூடியும் விளிம்பும் முறையாக அமைந்த ஒரு கீழ்க்குடுவையாகத்தான் அது தெரியும். மற்றச் சிற்றினங்கள் தரையின் மேல் வைத்திருக்கும் அதே வகைக் குடுவையைத்தான் இதுவும் வளர்க்கிறது. ஆனால் தரைக்குக் கீழே வளர்க்கிறது. வளர்ந்த செடிகளில் கீழ்க்குடுவைகள் மண்ணுக்கு மேல் உருவாவதே இல்லை என்பது கட்டுரையின் முடிபு. மேலே ஏறும் பச்சைத் தண்டிலோ மேல்குடுவைகள் அரிதாகவே காணப்படுகின்றன.

இந்த இடமாற்றத்துக்காகச் செடி செய்துகொண்டிருக்கும் ஏற்பாடுதான் உண்மையில் வியப்புக்குரியது. அடித்தண்டிலிருந்து தனிக் கிளைகள் புறப்பட்டு வேர்களின் இடையிலும் மரத்தடிப் பொந்துகளிலும் பாசித் திண்டுகளின் அடியிலும் நுழைகின்றன. பொந்து கிடைக்காத இடத்தில் அவை நேராக மண்ணுக்குள்ளேயே வளர்கின்றன. அந்தக் கிளைகளில் பச்சையம் இல்லை. அவற்றின் இலைகள் முற்றிலும் வெண்மையாக, இயல்பான அளவில் ஒரு சிறு பங்காகச் சுருங்கியிருக்கின்றன. ஆனால் அந்தச் சுருங்கிய வெள்ளை இலையின் நுனியில் தொங்கும் குடுவை மட்டும் சுருங்கவில்லை. 11 சென்டிமீட்டர் நீளம் வரை வளர்கிறது, பெரும்பாலும் செம்மை நிறத்தையும் விடாமல் வைத்திருக்கிறது.

வெளிச்சமே இல்லாத இடத்தில் செம்மை நிறம் எதற்கு?

இருட்டில் நிறத்தைக் காட்டி இரையை ஈர்க்க வழியில்லை. தரைக்கு மேல் குடுவை வைத்திருந்த மூதாதையரிடமிருந்து வந்த பண்பு இன்னும் உதிராமல் இருக்கிறது என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. இலையில் பச்சையம் அற்றுப்போயிருப்பதையும் குடுவையில் செம்மை அற்றுப்போகாமல் இருப்பதையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். ஒளி இல்லாத இலையைப் பச்சையாகவும் பெரிதாகவும் வளர்ப்பது வீண் செலவு. மண்ணடிக் கிளை தனக்கான உணவைத் தானே தயாரிக்க முடியாததால், மேலே வெயிலில் இருக்கும் பச்சை இலைகள்தாம் அதையும் அதன் குடுவைகளையும் வளர்க்கின்றன. அதற்கு ஈடாகக் குடுவைகள் இரையிலிருந்து பெறும் ஊட்டம் மேலே போகிறது.

இது எப்படிக் கண்ணில் பட்டது?

2012-ஆம் ஆண்டு, அதுவரை ஆராயப்படாதிருந்த ஒரு மலையின் மேல் செக் நாட்டு ஆய்வாளர்களும் இந்தோனேசிய ஆய்வாளர்களும் பல நாள் பயணமாக ஏறினார்கள். பல மலைகளுள் ஒன்றாக எழுந்தமானத்தில் தேர்ந்தெடுத்த மலை அது. வழியில், ஐயத்துக்கிடமின்றி நெப்பந்தஸ் என்று சொல்லத்தக்க செடிகளைக் கண்டார்கள். ஆனால் அவற்றில் குடுவைகள் இல்லை. கவனமாகத் தேடியதில் கொடியில் ஓரிரு மேல்குடுவைகளும், தரையில் இளம் குடுவைகள் சிலவும், மண்ணிலிருந்து துருத்திக்கொண்டிருந்த உருக்குலைந்த குடுவை ஒன்றும் கிடைத்தன. அந்த ஒன்றைத் தற்செயலாகப் புதைந்தது என்று முதலில் ஒதுக்கினார்கள்.

மேலே ஏற ஏறக் குடுவையற்ற செடிகள் தொடர்ந்து வந்தன. அப்போது வேறோர் எண்ணம் எழுந்தது: பூச்சியுண்ணும் பழக்கத்தையே கைவிட்டுவிட்ட ஒரு குடுவைத் தாவரமாக இது இருக்குமோ? பூச்சியுண்ணும் தாவரக் குழுக்கள் சிலவற்றில் அத்தகைய இழப்பு நிகழ்ந்திருப்பதால் அந்த ஊகம் அப்போது இயல்பானதே. பிறகு, படம் எடுத்துக்கொண்டிருந்தபோது மஜெஸ்கி ஒரு மரத்தின் அடியிலிருந்த பாசித் திண்டைப் பெயர்த்தார். அதன் அடியில், பச்சையமே இல்லாத சிற்றிலைகள் கொண்ட குட்டைக் கிளையொன்றிலிருந்து ஆழ்ந்த அரக்குச் சிவப்பில் குடுவைகள் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அதன்பின் குழுவினர் தாம் கண்ட மற்றச் செடிகளின் அடியையும் சோதித்தார்கள். எல்லாவற்றிலும் மண்ணடிக் குடுவைகள் இருந்தன.

இயல்பான குடுவை தற்செயலாக மண்ணில் புதைந்திருக்கலாம் அல்லவா? வேறுபாட்டை எப்படி உறுதிசெய்தார்கள்?

இந்தக் கேள்வியைக் கண்டுபிடித்தவர்களே முதலில் கேட்டுக்கொண்டார்கள் என்பதை மேலே பார்த்தோம். குடுவைத் தாவரங்களின் கீழ்க்குடுவைகள் பாசியிலும் இலைச்சருகிலும் பாதி அமிழ்ந்து கிடப்பது மலைக்காடுகளில் சாதாரணக் காட்சி. ஆகவே மண்ணுக்குள் ஒரு குடுவையைக் கண்டதாலேயே எதுவும் நிறுவப்பட்டுவிடாது.

புதைந்துபோன குடுவைக்கு மேலே அதைத் தாங்கும் பச்சை இலை இருக்கும். பற்றுக்கம்பியைப் பிடித்துக்கொண்டே போனால் அந்த இலையை அடைந்துவிடலாம். புடிக்காவில் அவ்வாறு போனால் கிடைப்பது மண்ணுக்குள்ளேயே பிறந்து மண்ணுக்குள்ளேயே வளர்ந்த ஒரு வெண்கிளை. ஒரு செடியில் மட்டும் இருந்தால் அதையும் விபத்து என்று தள்ளிவிடலாம். பார்த்த செடிகள் அனைத்திலும், அருகருகே உள்ள வெவ்வேறு இடங்களிலும் அதே அமைப்பு திரும்பத் திரும்ப வருவதை அப்படித் தள்ள முடியாது. அடுத்து, அந்தக் குடுவைகள் நசுங்கியோ வாய் அடைபட்டோ இல்லாமல் முழு வடிவில் திறந்திருக்கின்றன. இவை அனைத்துக்கும் மேலாக, அவற்றினுள் இரை இருக்கிறது. மண்ணில் புதைந்து வீணாய்ப்போன குடுவையையும் மண்ணுக்குள் இரை பிடிக்கும் குடுவையையும் பிரித்துக் காட்டுவது அந்தக் கடைசிச் சான்றுதான். அதனால்தான், குடுவைத் தாவரத்தில் செயல்படும் மண்ணடிப் பொறிகள் இருப்பதற்கான முதல் பதிவு என்பதையே ஆசிரியர்கள் கட்டுரையின் தலைப்பாக வைத்தார்கள்.

மண்ணுக்கடியில் என்னதான் சிக்குகிறது?

எறும்புகளே பெரும்பகுதி. அவற்றோடு நுண் உண்ணிகள், வண்டுகள் முதலிய, இலைச்சருகிலும் மண்ணிலும் வாழும் பிற சிற்றுயிர்களும் குடுவைகளில் கிடைத்தன. தரைக்கு மேலுள்ள குடுவைகளுக்கும் பொதுவாக எறும்பே முதன்மை இரை என்பதால், இடம் மாறினாலும் உணவுப்பட்டியல் தலைகீழாக மாறிவிடவில்லை என்றே சொல்ல வேண்டும்.

குடுவைக்குள் உயிரோடு வாழும் உயிரினங்களும் உண்டாமே?

ஆம். செரிமான நீர்மத்தில் கரையாமல் அதிலேயே குடியிருக்கும் உயிர்கள் நெப்பந்தஸ் பேரினம் முழுவதிலும் காணப்படுகின்றன. புடிக்காவின் மேல்குடுவைகளிலும் மண்ணடிக் குடுவைகளிலும் கொசுப்புழுக்கள் உள்ளிட்ட இருசிறகிப் பூச்சிகளின் புழுக்களும் நூற்புழுக்களும் இருந்தன. இக்குடுவைகளில் கண்டெடுத்த ஒரு புழுவே அறிவியலுக்குப் புதிய சிற்றினமாக இருந்து, தனியே விவரிக்கப்பட்டது.

செடி ஏன் இப்படி மாறியது?

ஆய்வாளர்கள் முன்வைப்பது ஒரு கருதுகோள். போர்னியோவின் மழைக்காடு என்றதும் எங்கும் ஈரம் சொட்டும் என்று எண்ணுகிறோம். ஆனால் மலைமுகட்டின் உச்சி அப்படியன்று. மழைநீர் இருபுறச் சரிவுகளிலும் வழிந்தோடிவிடுகிறது, காற்று தடையின்றி வீசுகிறது, ஆகவே முகடு ஒப்பளவில் உலர்ந்த இடம். மண்ணடிப் பொந்துகளிலோ ஈரப்பதம் உட்பட எல்லாச் சூழ்நிலைகளும் பெரிதாக மாறாமல் நிலைத்திருக்கின்றன; வறண்ட நாட்களில் சிற்றுயிர்களும் அங்கேயே மிகுதியாக இருக்கக்கூடும். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோலோஸ் தெரிவித்த விளக்கம் இது.

முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன செய்தி இங்கே பொருந்துகிறது. ஈரமான விளிம்பே வழுக்கும் என்றால், உலர்காற்று வீசும் முகட்டின் மேல் தொங்கும் குடுவை நாளின் பெரும்பகுதி வேலைசெய்யாத பொறிதான். மண்ணடிப் பொந்தில் அதே விளிம்பு எந்நேரமும் ஈரமாக இருக்க வாய்ப்பு உண்டு. இது கட்டுரையில் சோதித்து நிறுவியது அன்று. ஆனால் ஈரப்பதம் என்னும் விளக்கத்துக்கு வலுச்சேர்க்கும் வகையில் பேரினத்தின் பொறியமைப்பே இருக்கிறது என்பது என் கருத்து.

இரை பிடிக்கும் முறையை மாற்றிக்கொள்வதும் இந்தப் பேரினத்துக்குப் புதிதன்று. நெப்பந்தஸ் லோவியை நாடி மர மூஞ்சூறுகள் வருகின்றன. மூடியிலுள்ள சுரப்பை நக்கும்போது அவை இடும் எச்சம் செடிக்கு நைட்ரஜனாகிறது. நெப்பந்தஸ் ஹெம்ஸ்லேயானாவின் குடுவைக்குள் சிறு வௌவால்கள் பகலில் உறங்கி எச்சமிடுகின்றன. நெப்பந்தஸ் ஆம்புல்லாரியா, தரையில் விரித்தாற்போல் குடுவைகளை வைத்து, மேலிருந்து உதிரும் சருகுகளையும் வாங்கிக்கொள்கிறது. அதன் இலையிலுள்ள நைட்ரஜனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சருகிலிருந்து வருவதாகக் கண்டறிந்திருக்கிறார்கள். இம்மூன்றும் போர்னியோவில் வளர்பவையே.

மண்ணுக்கடியில் இரை பிடிக்கும் வேறு தாவரங்கள் இல்லையா?

மூன்று பேரினங்கள் இருக்கின்றன. ஜென்லிசியா, திருகுபோல் முறுக்கிய குழல் இலைகளை மண்ணுக்குள் செலுத்தி நுண்ணுயிர்களைப் பிடிக்கிறது. நீரிலும் ஈரமண்ணிலும் வாழும் யூட்ரிகுலேரியா, சிறு பைகளுக்குள் இரையை உறிஞ்சி இழுக்கிறது. பிரேசிலின் வெண்மணலில் வளரும் ஃபில்காக்சியா, மணலுக்கு அடியில் பசைதடவிய சிற்றிலைகளை விரித்து நூற்புழுக்களைப் பிடிக்கிறது. அது பூச்சியுண்ணும் வகையைச் சேர்ந்தது என்பது 2012-இல்தான் நிறுவப்பட்டது. மூன்றும் பிடிப்பது மிக நுண்ணிய உயிர்களை மட்டுமே. எறும்பையும் வண்டையும் மண்ணுக்கடியில் பிடிக்கும் அளவுக்குப் பெரிய பொறி, அதிலும் விழுந்தால் ஏற முடியாத குழிப்பொறி, புடிக்காவிடம் மட்டுமே அறியப்பட்டிருக்கிறது.

2012-இல் கண்டதை 2022-இல் வெளியிடுவானேன்?

பத்து ஆண்டு என்பது தாவர வகைப்பாட்டியலில் நீண்ட காலம் அன்று. பூக்கும் தாவரங்களைப் பற்றி 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, மாதிரி சேகரித்த ஐந்து ஆண்டுகளுக்குள் விவரிக்கப்பட்ட புதிய சிற்றினங்கள் 16 விழுக்காடு மட்டுமே என்றும், ஏறத்தாழ கால்பங்குச் சிற்றினங்கள் 50 ஆண்டுகளுக்கு மேல் ஹெர்பேரியத்தில், அதாவது உலர்தாவர மாதிரிகளைப் பாதுகாக்கும் காப்பகத்தில், கிடந்த மாதிரிகளிலிருந்து விவரிக்கப்பட்டவை என்றும் காட்டியது.

வேலையின் தன்மை அப்படி. கண்ட செடி புதியதென்று சொல்ல, அதுவரை பெயர்பெற்ற நெருங்கிய உறவுகள் ஒவ்வொன்றோடும் அதை ஒப்பிட வேண்டும். அவற்றின் பழைய விவரணைகளையும் மாதிரிகளையும் தேடிப் பார்க்க வேண்டும். புடிக்கா நெப்பந்தஸ் ஹிர்சுட்டா குழுவில் சேர்கிறது. அக்குழுவிலும், சில பண்புகளில் பேரினம் முழுவதிலும், அதற்கு இணை இல்லை என்று காட்ட வேண்டியிருந்தது. நெப்பந்தஸில் ஆண்பூக்களும் பெண்பூக்களும் வெவ்வேறு செடிகளில் பூப்பதால் இரண்டையும் விவரிக்கத் தனித்தனிச் செடிகள் கிடைக்க வேண்டும் என்பது கூடுதல் இடர்ப்பாடு.

பெயர் சூட்டுவதற்கு விதிகள் உண்டா?

உண்டு. பாசிகள், பூஞ்சைகள், தாவரங்கள் ஆகியவற்றின் பெயரிடலுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதன்படி, பெயர் முறையாக வெளியிடப்பட வேண்டும். 1958 முதல் ஒவ்வொரு புதிய சிற்றினத்துக்கும் வகைமாதிரி ஒன்றைச் சுட்ட வேண்டும். 1990 முதல் அந்த மாதிரி எந்த நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகிறது என்பதையும் குறிப்பிட வேண்டும். பிற்காலத்தில் எவருக்காவது ஐயம் வந்தால் பெயர் எதைக் குறிக்கிறது என்பதை அந்த ஒரே மாதிரியை வைத்துத் தீர்மானிப்பார்கள். 1935 முதல் 2011 வரை விவரணை லத்தீனில் இருப்பது கட்டாயம். 2012 ஜனவரி முதல் ஆங்கிலத்திலும் எழுதலாம், இணையத்தில் மட்டுமே வெளியாகும் ஆய்விதழிலும் உரிய நிபந்தனைகளோடு வெளியிடலாம் என்று விதி தளர்ந்தது.

புடிக்கா என்ற பெயர் எதனால் வந்தது?

நாணமுள்ளது என்று பொருள். கீழ்க்குடுவைகளை மறைத்து வைப்பதால் இப்பெயரைச் சூட்டினார்கள். தொட்டாற்சிணுங்கியின் அறிவியல் பெயரான மிமோசா புடிக்காவிலும் இதே சொல் இருக்கிறது. இரண்டுக்கும் உறவு எதுவும் இல்லை.

புதிய சிற்றினம் என்றால் அதுவரை எவரும் பார்த்ததே இல்லை என்று பொருளா?

இல்லை. அறிவியல் முறைப்படி விவரணையும் பெயரும் அதற்கு முன் வெளியாகவில்லை என்பதே பொருள். அந்தச் செடி மலைமுகட்டில் எவ்வளவோ காலமாக இருந்துவருவது. காட்டில் நடமாடுபவர்கள் அதைப் பார்த்தும் இருக்கலாம்.

அழியும் ஆபத்தில் இருக்கிறதா?

மிகக் கடுமையான ஆபத்தில் இருக்கும் சிற்றினமாகக் கருத வேண்டும் என்பது அதை விவரித்தவர்களின் மதிப்பீடு. அறியப்பட்ட இடங்கள் மிகச் சில, அவையும் ஒரே வட்டாரத்தில் நெருங்கி அமைந்தவை என்பதால் ஒரு காட்டுத்தீயோ ஒரு காட்டழிப்போ கணிசமான பகுதியைத் துடைத்துவிடக்கூடும். போர்னியோவின் காடுகள் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களாக மாறிவருவது தெரிந்த செய்தி. அந்த மாற்றத்தைத் தடுக்க முடியாவிட்டாலும் தாமதப்படுத்தவாவது இந்தக் கண்டுபிடிப்பு உதவ வேண்டும் என்று ஜியாஸ்மாந்தோ குறிப்பிட்டார். 1,100 மீட்டருக்கு மேலுள்ள முகடு எண்ணெய்ப்பனைக்கு ஏற்ற நிலம் அன்று என்பது ஓரளவு ஆறுதல்தான். ஆனால் கீழே சரிவுகளில் காடு போனால் முகட்டின் ஈரமும் குறையக்கூடும், மேலே ஏறப் பாதையும் திறக்கும்.

இதை வாங்கி வளர்க்கலாமா?

காட்டிலிருந்து எடுத்து வந்த செடியை எவர் விற்றாலும் வாங்கக் கூடாது. பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் நெப்பந்தஸ் பேரினம் முழுவதும் இடம்பெற்றிருப்பதால் உரிய அனுமதி ஆவணம் இல்லாமல் அதை எல்லை கடத்துவது குற்றம். நெப்பந்தஸ் ராஜா, நெப்பந்தஸ் காசியானா ஆகிய இரண்டும் இன்னும் கடுமையான முதல் பட்டியலில் உள்ளன. குடுவைத் தாவரங்களைச் சேகரிப்போர் உலகெங்கும் இருக்கிறார்கள், அரியது என்று பெயரெடுத்த செடிக்கு அவர்களிடம் எப்போதும் விலை உண்டு. அதனால்தான் அரிய நெப்பந்தஸை விவரிப்பவர்கள் துல்லியமான இருப்பிடத்தை வெளியிடத் தயங்குகிறார்கள். சில முகடுகளில் மட்டும் வாழும் சிற்றினத்துக்கு, கைநிறையத் தோண்டிச் செல்லும் ஒருவரே போதும். புடிக்காவுக்கு இன்னொரு தனி இடர் உண்டு: அதன் குடுவைகளைப் பார்க்க வேண்டுமென்றால் அடிமண்ணைக் கிளற வேண்டும், கிளறினால் அந்த வெண்கிளைகள் ஒடிந்துவிடும்.

மனிதருக்கோ விலங்குகளுக்கோ ஆபத்து உண்டா?

இல்லை. விரலை உள்ளே விட்டால் ஈரமாகும், அவ்வளவே.

மற்றக் குடுவைத் தாவரங்களிலும் மண்ணடிக் குடுவைகள் கவனிக்கப்படாமல் இருக்கக்கூடுமா? கண்டால் என்ன செய்வது?

மறுக்க முடியாது. புடிக்காவே குடுவையில்லாத செடி என்று கருதப்பட்டு விடுபட்டுப் போகும் நிலையில்தான் இருந்தது. குடுவை ஏதும் தென்படாத நெப்பந்தஸ் செடியை மலைக்காட்டில் காண்பவர், முதலில் அதன் மேற்கிளைகளையும் சுற்றியுள்ள செடிகளையும் பார்க்க வேண்டும். ஒளி குறைந்தாலோ காற்று மிக உலர்ந்தாலோ எந்த நெப்பந்தஸும் குடுவை வளர்ப்பதை நிறுத்திக்கொள்ளும் என்பதால், குடுவை இல்லாமை மட்டுமே ஒரு செய்தி ஆகாது. செழிப்பான செடிகள் பலவற்றில் ஒரே மாதிரி குடுவை இல்லையென்றால், தோண்டாமல், பாசி தானாக விலகியிருக்கும் இடத்திலும் வேர்ப்பொந்தின் வாயிலும் வெள்ளையாக ஏதேனும் கிளை தெரிகிறதா என்று பார்க்கலாம். தெரிந்தால் படம் எடுத்து, கடல் மட்டத்திலிருந்து உயரம், முகடா சரிவா, மண்ணின் தன்மை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, அந்நாட்டின் ஹெர்பேரியத்துக்கு எழுத வேண்டும். இருப்பிட அடையாளத்துடன் பொதுவெளியில் படத்தைப் பதிவிடுவதைத் தவிர்க்க வேண்டும். கைபேசியில் எடுத்த படத்துக்குள்ளேயே இருப்பிடம் பதிந்திருக்கும் என்பதால் பகிரும் முன் அதை நீக்கிவிடுவது நல்லது.